ஓமப்புகைக்கும் ஃப்ளாஷுக்கும் தாங்கற ஃபவுண்டேஷன் எது?

பங்குனி முடியப் போகுது, அடுத்து சித்திரை, வைகாசி, ஆனின்னு வரிசையா முகூர்த்தம், அதனால இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி கல்யாண மேக்கப் தான். மத்த கேள்விங்கள அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு வைகாசில கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலைல நாலரை டூ ஆறு முகூர்த்தம். மண்டபம் ஓமலூர் பக்கம், மணமேடைக்கு ஏசி கிடையாது, ஃபேன் தான். எனக்கு எண்ணெய் வடியற முகம், மாநிறம், வாய சுத்தி கொஞ்சம் கருப்பா இருக்கும். எங்க அக்கா கல்யாண ஆல்பத்துல அவ முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர். அதப் பாத்ததுலேருந்து பயமா இருக்கு. ரொம்ப நேரம் தாங்கணும், ஃபோட்டோலயும் நல்லா விழணும். எந்த ஃபவுண்டேஷன் வாங்கட்டும்? மேக்கப் போடப் போறது என் சித்தி பொண்ணு தான், பார்லர் இல்ல.
— வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கண்ணு, முதல்ல ஒரு கணக்கு போடலாம். எல்லாரும் 24 மணி நேரம் நிக்கும்னு பாட்டில்ல எழுதியிருக்கறதப் பாத்து தான் வாங்கறாங்க, ஆனா உனக்கு 24 மணி நேரம் எதுக்கு? ரிசப்ஷன் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா பத்து, பத்தரைக்கு முடிஞ்சிரும், அப்புறம் முகத்த கழுவிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கண்ண மூடுவ, மறுபடி ஒன்றரை ரெண்டுக்கு எழுப்பி உக்கார வெச்சிருவாங்க, முகூர்த்தம் முடிஞ்சு சாப்பாடு, ஃபோட்டோ எல்லாம் ஆகறதுக்குள்ள எட்டு ஒன்பது. ஆக உனக்கு வேண்டியது ஆறேழு மணி நேரம், ரெண்டு தடவை. நடுவுல முழுசா கழட்டியே ஆகணும். தூக்கம் வருதுன்னு ராத்திரி மேக்கப்போடவே படுத்துட்டு காலைல அது மேலயே பூசற கதைய நான் நெறைய பாத்திருக்கேன், மூக்கு ஓரத்துலயும் வாய் ஓரத்துலயும் தோசை ஓரம் மாதிரி எழும்பி நிக்கும்.

அடுத்தது கலர். உங்க அக்கா ஆல்பத்துல நடந்தது ஃபவுண்டேஷன் கெட்டதால இல்ல, ஷேட் ரெண்டு படி தூக்கிப் போட்டதால. மேக்கப் போடற ரூமுக்குள்ள கட்டாயம் ஒரு அத்தையோ பெரியம்மாவோ வந்து "இன்னும் கொஞ்சம் வெளுப்பா போடுங்க, மேடைல லைட்டுக்கு கருப்பா தெரிவா"ன்னு சொல்லுவாங்க, எனக்கு அதக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். வெளுப்பு ஷேட்ல வெள்ளை நிறமி, அதாவது டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஜாஸ்தி இருக்கும், மஞ்சளும் சிவப்பும் தர்ற இரும்பு ஆக்ஸைடு நிறமி கம்மி. நம்ம மாநிறத்து மேல அத பூசினா வெளுப்பாகறதில்ல, சாம்பல் பூத்த மாதிரி ஆகுது. காது, கழுத்து, கை எல்லாம் சொந்தக் கலர்லயே இருக்கும், கேமராவுக்கு அது ஒண்ணு போதும் காட்டிக் குடுக்க.

கடைல மணிக்கட்டுல தேச்சுப் பாக்கறத விட்டுரு. தாடை எலும்பு மேல, கழுத்து ஆரம்பிக்கற எடத்துல, மூணு ஷேட் பக்கத்துல பக்கத்துல கோடு போடு, கடைய விட்டு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல பாரு. எந்தக் கோடு காணாம போகுதோ அது தான் உன்னுது. ஆனா உடனே வாங்கிராத, அரை மணி நேரம் பொறுத்து மறுபடி பாரு, முகத்து எண்ணெயோட சேந்து சில ஃபவுண்டேஷன் ஒரு படி கருத்துரும், எண்ணெய் வடியற முகத்துக்கு இது கட்டாயம் பாக்க வேண்டிய சமாச்சாரம்.

இப்ப ஃபோட்டோ விஷயம். இதுல நான் பட்ட அவமானத்தையே சொல்றேன். தொழிலுக்கு வந்த புதுசுல சங்ககிரி பக்கம் ஒரு கல்யாணம், பொண்ணுக்கு கண்ணுக்கு கீழ வெள்ளையா ஒரு பவுடர அள்ளி வெச்சு செட் பண்ணி அனுப்பினேன், கண்ணாடில பாத்தா அம்சமா இருந்தா, வீடியோவுலயும் ஒண்ணும் தெரியல. ரெண்டு மாசம் கழிச்சு ஆல்பத்த எடுத்துட்டு அவங்க அம்மாவே வந்துட்டாங்க. ஒண்ணும் பேசல, நடுப்பக்கத்த மட்டும் தொறந்து என் முன்னாடி வெச்சாங்க. தாலி கட்டற ஃபோட்டோ, சுத்தி நிக்கறவங்க எல்லாம் ஒழுங்கா இருக்காங்க, பொண்ணுக்கு மட்டும் ரெண்டு கண்ணுக்கு கீழயும் விபூதி பூசின மாதிரி ரெண்டு வெள்ளைப் பட்டை. அந்தப் பவுடர் முழுக்க சிலிக்கா. கேமரா மேல இருக்கற ஃப்ளாஷ் நேரா முகத்துல பட்டு நேரா லென்ஸுக்கே திரும்பி வருது, சிலிக்கா, ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் எல்லாம் அந்த வெளிச்சத்த திருப்பி அடிக்கற சாமான். வீடியோ லைட் பக்கவாட்டுல நின்னு எரிஞ்சுக்கிட்டே இருக்கறது, அதனால அதுல தெரியாது. சாதா கண்ணாடிலயும் தெரியாது.

அதனால முகூர்த்தத்துக்கு அடில சன்ஸ்கிரீன் வேண்டாம், நாலரைக்கு ஏது வெயில், அதுலயும் ஜிங்க் போட்டது வேண்டவே வேண்டாம். ஃபவுண்டேஷன் பாட்டில்ல எஸ்.பி.எஃப். 15னு இருந்தாலே வெளுத்துரும்னு அர்த்தம் இல்ல, சிலது வெளுக்கும், சிலது வெளுக்காது. பூசிட்டு, லைட்ட அணைச்சிட்டு, ஃபோன்ல ஃப்ளாஷ் போட்டு ஒருத்தர விட்டு எடுக்கச் சொல்லு. பத்து ரூபா செலவில்லாத டெஸ்ட்.

சரி, பேரு. எஸ்டீ லாடர் டபுள் வேர் 1997லேருந்து வந்துக்கிட்டு இருக்கு, வியர்வை, எண்ணெய்க்கு நான் நம்பற மொத ஆள் அது தான், ஆனா விலை கையக் கடிக்கும், காயறதும் படு வேகம், அதனால முகம் முழுக்க புள்ளி வெச்சுட்டு ஃபோன் வந்துச்சுன்னு போகக் கூடாது, பாதி முகம் முடிச்சிட்டு மீதிய தொடணும். மேக் கம்பெனியோட ஸ்டுடியோ ஃபிக்ஸ் ஃப்ளூயிட் கலர் பொருத்தத்துக்கு நல்லது, அதுல என்.சி.ன்னு ஆரம்பிக்கறது மஞ்சள் சாயல் தோலுக்கு, என்.டபிள்யூ. ரோஸ் சாயலுக்கு, நான் பாத்த வரைக்கும் நம்ம பக்கத்து மாநிறம் பெரும்பாலும் என்.சி.ல தான் உக்காருது. பட்ஜெட் கம்மின்னா லோரியால் இன்ஃபாலிபிள், அதுக்கும் கீழன்னா மேபலின் ஃபிட் மீ மேட். ஃபிட் மீ ஆறு மணி நேரம் தாங்க நடுவுல ஒருக்கா ஒத்தி எடுக்கணும், அவ்வளவு தான் வித்தியாசம். தெருக்கடைல பெரிய கம்பெனி பேரோட முந்நூறு ரூபாய்க்கு கிடைக்கறத மட்டும் தொடாத, அது டூப்ளிகேட்.

நீண்ட நேரம் தாங்கறது எப்படின்னா, இந்த வகைல ஆவியாகற சிலிக்கானும் முகத்துல படலமா ஒட்டிக்கற ரெசினும் இருக்கும், மொதல்ல சொன்னது பறந்து போனதும் ரெண்டாவது கலரப் புடிச்சுக்கிட்டு நிக்கும். அது பறக்க பத்து நிமிஷம் குடுக்கணும். பூசின கையோட புடவை கட்ட எழுந்தா ப்ளவுஸ் கழுத்தெல்லாம் உன் ஷேட் தான் இருக்கும். அடில போடற ப்ரைமரும் சிலிக்கான் வகையாவே இருக்கட்டும், தண்ணி வகை ப்ரைமர் மேல சிலிக்கான் ஃபவுண்டேஷன் போட்டா சில சமயம் அழிரப்பர் துகள் மாதிரி உருண்டு வரும்.

உன் வாய் ஓரக் கருப்புக்கு ஃபவுண்டேஷன கனமா அப்ப வேண்டாம், சித்தி பொண்ணுகிட்ட சொல்லு. ஆரஞ்சு கலர் கரெக்டர் ஒரு அரிசி அளவு எடுத்து அங்க மட்டும் தட்டிட்டு, அது மேல மெலிசா ஃபவுண்டேஷன். கனமா போட்ட எடம் தான் சிரிக்கறப்ப மொதல்ல வெடிக்கும். ஸ்பாஞ்ச தண்ணில நனைச்சு நல்லா பிழிஞ்சுட்டு ஒத்தி ஒத்தி போடணும், இழுக்கக் கூடாது. பவுடர் நெத்தி, மூக்கு, தாடைக்கு மட்டும். கடைசில செட்டிங் ஸ்ப்ரே, ரோஸ் வாட்டர் மாதிரி வாசனையா இருக்கறது இல்ல, ஆல்கஹால் வாசம் அடிக்கறது, அது தான் படலமா புடிக்கும்.

கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம முழு மேக்கப்பும் போட்டுக்கோ. வெறும அழகு பாக்க இல்ல. அஞ்சு ரோட்டுலேருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ்ல ஒரு ட்ரிப் போய்ட்டு வா, வீட்டுக்கு வந்து அடுப்புகிட்ட நின்னு இருபது தோசை ஊத்து, ஓமத்துக்கு முன்னாடி உக்காரறதுக்கு அது தான் கிட்டத்தட்ட ஒத்திகை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அதே எடத்துல நின்னு ஒரு ஃபோட்டோ. எந்த எடத்துல மொதல்ல விடுதுன்னு அந்த ஃபோட்டோவே சொல்லிரும், கல்யாணத்தன்னைக்கு அந்த எடத்த மட்டும் சித்தி பொண்ணு கவனிச்சா போதும். அதுக்கும் முன்னாடி காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வெச்சு ஒரு நாள் விட்டுப் பாரு, அரிப்பு எடுத்தா அது வேண்டாம்.

மண்டபத்துல: எந்த ஃபவுண்டேஷனும் வியர்வைய நிறுத்தாது, அத நிறுத்தறது ஃபேன் தான். மணமேடை ஓரம் ஒரு நிக்கற ஃபேன், ஓமத்தீ படபடக்காத மாதிரி சாய்ச்சு வைக்கச் சொல்லி மண்டபத்து ஆளுகிட்ட முந்தின நாளே பேசிருங்க. பின்கழுத்துல ஐஸ்ல நனைச்ச கர்ச்சீப் வெச்சா முகம் வேர்க்கறது கொறையும். வேர்த்தா மொதல்ல டிஷ்யூவ ஒத்தணும், ஈரம் போன பிறகு தான் பவுடர். ஈரத்து மேல பவுடர் போட்டா அது மாவு பெசைஞ்ச மாதிரி தான். புகைல கண்ணுல தண்ணி வரும், அப்புறம் தாரை வாக்கறப்ப அப்பா முகத்தப் பாத்து எப்படியும் அழுவ, அப்ப டிஷ்யூவ முக்கோணமா மடிச்சு அந்த முனைய இமைக்கு கீழ வெச்சா போதும், தொடைக்காத. மாலை உரசி உரசி தாடைல கலர் போகும், அதுக்கு மாலைய கழட்டின ஒவ்வொரு தடவையும் ஒரு பார்வை.

ஒண்ண மறந்துட்டேன், நலங்கு. முந்தின நாள் மஞ்சள் பூசினா முகம் மஞ்சளாவே நிக்கும், அது மேல உன் ஷேட் வேற கலரா தெரியும். மஞ்சள் சோப்புக்கு மசியாது, எண்ணெய்க்கு மசியும், தேங்கா எண்ணெய் தடவி பஞ்சுல எடுத்துட்டு அப்புறம் முகம் கழுவணும். முடிஞ்சா நலங்க ரெண்டு நாள் முன்னாடி வெச்சுக்கச் சொல்லு, வீட்டுல ஒத்துக்கிட்டா.

கேள்வி: எங்க வீட்டு கல்யாணம் தை மாசம் ஏற்காட்டுல, எஸ்டேட் பங்களால. நாங்க கீழ அழகாபுரத்துல பார்லர்ல மேக்கப் முடிச்சிட்டு மேல போலாம்னு பிளான். என் தங்கச்சிக்கு வறண்ட தோல். கீழ நல்லா இருக்கற மேட் ஃபவுண்டேஷன் மேலயும் அப்படியே இருக்குமா மேடம்?
— வாசகர், அழகாபுரம்

பதில்: இருக்காதுங்க, மொதல்ல அந்த பிளான மாத்துங்க. 20 கொண்டை ஊசி வளைவு. பட்டுப்புடவை, நகை, ஜடைன்னு எல்லாம் மாட்டிக்கிட்டு வெறும் வயித்துல அந்த ரோட்டுல ஏறினா பத்தாவது வளைவுக்குள்ள வண்டிய ஓரங்கட்டச் சொல்லுவாங்க, நான் கவர எடுத்துக் குடுத்திருக்கேன். மேக்கப் போடறவங்கள மேல கூட்டிட்டுப் போங்க, ராத்திரியே தங்க வெச்சிருங்க.

ஏற்காடு சேலத்த விட ஆயிரம் மீட்டருக்கு மேல ஒசரம், தைல காலைல விரல் மரத்துப் போகும். அங்க எதிரி வியர்வை இல்ல, வறட்சி. எண்ணெய இழுக்கற ப்ரைமர், மேட் ஃபவுண்டேஷன் எல்லாம் உங்க தங்கச்சி மூக்கு ஓரத்துல செதில் செதிலா காட்டும். மேக்கப்புக்கு இருபது நிமிஷம் முன்னாடி கெட்டியான மாய்ஸ்சரைசர், அது உள்ள இறங்கட்டும், மீதி இருக்கறத டிஷ்யூல ஒத்திட்டு, கொஞ்சம் பளபளப்பு தர்ற ஃபவுண்டேஷன் ஒரே ஒரு படலம். பவுடர் கண்ணுக்கு கீழயும் மூக்குக்கும் மட்டும்.

இன்னொண்ணு, மூடுபனில வெளிச்சம் நாலா பக்கமும் பரவி வரும், நிழலே விழாது, லேசா நீலம் பாஞ்சிருக்கும். கீழ ரூம்ல சரியா தெரிஞ்ச கன்னச் சிவப்பு அங்க காணாமப் போய் முகம் செத்த மாதிரி தெரியும், அதனால ப்ளஷ் வழக்கத்த விட ஒரு கை கூட. ஏரிக்கரை, லேடீஸ் சீட்டுன்னு வெளிய ஷூட் வெச்சிருந்தா ஜன்னல் பக்கம் உக்காந்து மேக்கப் போடுங்க, ட்யூப் லைட்டுக்கு அடில வேண்டாம். பனித்துளி முகத்துல உக்காரும், ஒத்தினா போதும், பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல.

கேள்வி: எச்.டி. மேக்கப்னு ஒரு ரேட் சொல்றாங்க, ஏர்பிரஷ்னு அதுக்கு மேல ஒரு ரேட் சொல்றாங்க. எது நல்லது?
— வாசகி, ஆத்தூர்

பதில்: எச்.டி.ன்னா தனியா ஒரு மேக்கப் கிடையாது, துல்லியமான கேமராவுல துகள் தெரியாத மாதிரி மெலிசா போடறதுக்கு வெச்ச பேரு, இப்ப பல எடத்துல அது ரேட்டு ஏத்தற பேரு. ஏர்பிரஷ்ங்கறது சின்ன கம்ப்ரஸர் வெச்சு பனி மாதிரி தெளிக்கறது, மெலிசா இருக்கும், ஃபோட்டோல அழகா விழும், ஆனா அழுது கோடு விழுந்துட்டா அந்த எடத்த மட்டும் விரலால சரி பண்றது கஷ்டம். பரு மேடு பள்ளம் இருக்கற முகத்த அது மறைக்கவும் மறைக்காது. என் ஓட்டு, நல்லா அழற பொண்ணுன்னா கையால போடற மேக்கப் தான். நீங்க கேக்க வேண்டியது மெஷின் இருக்கான்னு இல்ல, இதுக்கு முன்னாடி போட்ட பொண்ணுங்க ஃபோட்டோவ ஃபில்டர் இல்லாம காட்டுங்கன்னு.

கேள்வி: கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கு. ஃப்ரெண்டு சொன்னான்னு மெடிக்கல்ல ஒரு க்ரீம் வாங்கி ஆறு மாசமா போடறேன், கலர் வந்துச்சு, ஆனா இப்ப வெயில்ல போனா எரியுது, குட்டி குட்டியா பரு. இது மேல எந்த ஃபவுண்டேஷன் போடலாம்?
— பெயர் வேண்டாம், மேட்டூர்

பதில்: எதுவும் போடறதுக்கு முன்னாடி அந்த ட்யூப எடுத்துக்கிட்டு நாளைக்கே தோல் டாக்டர்கிட்ட போங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன்னு பேர் இருந்தா அது ஸ்டீராய்டு. மாசக்கணக்குல போட்டா தோல் மெலிசாகி, செவந்து, பரு வரும். படக்குனு நிறுத்தினாலும் முகம் கொந்தளிக்கும், அதனால எப்படி குறைக்கறதுன்னு டாக்டர் தான் சொல்லணும். மூணு வாரம் இருக்கு, இன்னைக்கே போனா நேரம் பத்தும். ஃபேஷியல், ப்ளீச் எதுவும் இப்போதைக்கு கிட்டவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு 54 வயசு, பையனுக்கு கல்யாணம். மேக்கப் போட்டா கண்ணோரம் எல்லாம் கோடு கோடா தெரியுது. போடாமலே இருந்துரலாமா?
— வாசகி, எடப்பாடி

பதில்: மாமியார் ஆகப் போறீங்க, போடாம எப்படி! கோடு தெரியறதுக்கு காரணம் பவுடர். ஃபவுண்டேஷன மூக்கு பக்கம், கன்னத்து நடுவுல மட்டும் வெச்சு வெளிப்பக்கமா கரைச்சு விடுங்க, கண்ணோரத்துக்கு ஸ்பாஞ்சுல ஒட்டியிருக்கற மிச்சமே போதும். பவுடர் அங்க வேண்டவே வேண்டாம். எங்க அம்மா ரோஸ் பவுடர் டப்பாவ இன்னும் விடல, பேத்தி கல்யாண ஃபோட்டோ ஒவ்வொண்ணுலயும் அவங்க மட்டும் தனியா ஜொலிக்கறாங்க.

கேள்வி: மேடம், மாப்பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் போடலாமா? சிரிப்பாங்களான்னு யோசனையா இருக்கு. ட்ரிம் பண்ண தாடி வெச்சிருக்கேன்.
— வாசகர், தாரமங்கலம்

பதில்: பக்கத்துல முழு மேக்கப்போட பொண்ணு நிக்கறப்ப, நீங்க முந்தின நாள் ரிசப்ஷன்ல நின்ன அலுப்போட எண்ணெய் முகத்துல நின்னா தான் சிரிப்பாங்க தம்பி. தாராளமா போடுங்க, சரியா உங்க ஷேட், கண்ணுக்கு கீழயும் மூக்குக்கும் நெத்திக்கும் மட்டும். தாடி ஆரம்பிக்கற கோட்டுக்கு ஒரு விரல் முன்னாடியே நிறுத்திரணும், தாடி மயிர்ல ஃபவுண்டேஷன் ஒட்டினா க்ளோசப்ல பொடுகு மாதிரி தெரியும், பவுடரும் அங்க போகக் கூடாது. ட்ரிம், ஷேவ் எல்லாம் முந்தின நாளே முடிச்சிருங்க, புதுசா ஷேவ் பண்ண தோல்ல செட்டிங் ஸ்ப்ரே பட்டா கண்ணுல தண்ணி வந்துரும். வேட்டி மடிப்புல ரெண்டு டிஷ்யூ சொருகி வெச்சுக்கோங்க, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு பொண்ணுக்கு.